நடுவில் செருகிய வரி

ஏழாம் மாடிக்கான பொத்தானை அமுக்கி மூன்று நிமிடம் ஆகியும் லிஃப்ட் நகரவில்லை. கதவு மட்டும் வெகு நேரம் யோசித்துவிட்டு, சரி போகட்டும் என்று மூடிக்கொண்டது. உள்ளே நான்கு பேர். அவர்களில் ஒருவர் அதே பொத்தானை மறுபடி அமுக்கினார். முன்னால் அமுக்கியவருக்கு அமுக்கத் தெரியவில்லை என்பது போல அடுத்து விற்பனைப் பிரிவுக்காரர் கட்டை விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை.

"மணி அடிங்க சார். வாட்ச்மேன் காதுல விழும்" என்றார் கட்டடத்து எலக்ட்ரீஷியன். தோளில் பையோடு மூலையில் நின்றிருந்தார்.

மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றவர் அட்டவணையார். அவர் அமுக்கினார். மணி அடிக்கவில்லை. தலைக்கு மேலே மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"காத்து நல்லா வருது" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். காலை ஒன்பது மணிக்கே அவருக்குக் கிண்டல் வந்துவிடும்.

"மேலேதான் போகல, கீழேயாவது போகுதா பார்ப்போம். எனக்குக் கூட்டம் இருக்கு" என்று ஒரு பெண்மணி அடித்தளத்துப் பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் உடனே உற்சாகமாகக் கிளம்பியது. மேல் நோக்கி. ஏழைத் தாண்டி, ஒன்பதைத் தாண்டி, பத்தாம் மாடியில் இனிமேல் போக இடமில்லை என்று நின்று, கதவைத் திறந்தது.

எலக்ட்ரீஷியன் தாடையைத் தடவினார். "கீழே அமுக்கினா மேலே போகுது. மணி அடிச்சா ஃபேன் சுத்துது. அப்ப மேலே அமுக்கினா என்ன ஆகுது?"

"கதவு மூடுது" என்றார் அட்டவணையார், யாருக்கும் கேட்காத குரலில். அவருக்குப் புரிந்துவிட்டது.

அட்டவணையார் என்பது அவருக்கு அலுவலகம் வைத்த பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அந்த நிறுவனம் லிஃப்ட்டை ஓட்டும் பெட்டிகளைத் தயாரித்தது. இந்தக் கட்டடத்து லிஃப்ட்டிலும் சோதனைக்காக அதே பெட்டிதான். பெட்டிக்குள் ஒரு இயங்குதளம், அதன் நடுவில் கெர்னல். அந்தக் கெர்னலைப் பதினான்கு வருடமாக எழுதிப் பராமரித்து வந்தவர் இவர் ஒருத்தர்தான். கெர்னல் பிரிவு என்று கதவில் பலகை உண்டு. உள்ளே ஒரு நாற்காலி.

லிஃப்ட்டின் பொத்தானைக் கவனிக்கும் புரோகிராமுக்கு மோட்டாரைத் தொட உரிமை கிடையாது. அது கெர்னலிடம் ஒரு எண்ணை மட்டும் சொல்லும். அதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். கெர்னல் தன் அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேராக எந்த வேலைக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்து அவனை அனுப்பும். இருபத்தொன்று என்றால் கதவைத் திற. இருபத்திரண்டு, மூடு. இருபத்துமூன்று, மேலே போ. இருபத்துநான்கு, கீழே போ. அதற்கப்புறம் விளக்கு, மின்விசிறி, மணி. யாரும் யாருடைய பேரையும் கேட்பதில்லை. எண்ணைச் சொன்னால் ஆள் வருவான்.

ஆகவே அட்டவணையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. புதிதாக வருகிறவன் கடைசியில் உட்கார வேண்டும். இதைச் சிவப்பு மையில் எழுதித் தன் அறைச் சுவரில் ஒட்டி வைத்தவரே அட்டவணையார்தான். நேற்று மாலை "கதவைப் பிடித்து வை" என்று ஒரு புது வேலைக்காரனை எழுதி முடித்தார். கதவு சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் அங்கே மேலே இருக்க, இவன் மட்டும் மணிக்கும் கீழே அநாதை மாதிரி உட்காருவதா? பார்க்கவே அசிங்கமாக இருந்தது அவருக்கு. ஒழுங்கு பார்க்கிற வியாதி அவருக்குப் பிறவியிலேயே உண்டு. திறப்பதற்கும் மூடுவதற்கும் நடுவில், இருபத்திரண்டாம் இடத்தில், அந்த ஒரு வரியைச் செருகிப் பெட்டியில் ஏற்றினார். அவனுக்குக் கீழே இருந்த எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். புரோகிராம்களுக்கு அது தெரியாது. அவை பழைய எண்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

பத்தாம் மாடியிலிருந்து ஏழுக்குப் படியில் இறங்கி வந்தபோது அறை வாசலில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார். அவர் அட்டவணையாரைவிடப் பத்து வயது சின்னவர். கோபத்தைக் கூட மரியாதையாகத்தான் காட்டுவார், அதனாலேயே அவரைப் பார்த்தால் எல்லாருக்கும் நடுக்கம்.

"சார், மூணு மணிக்கு ஆஸ்பத்திரியம்மா வர்றாங்க. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு மேடம்."

"பன்னெண்டு ஆஸ்பத்திரி அவங்களுக்கு. நம்மகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். மெதுவா நடக்கிறவங்க வந்தா கதவு காத்துக்கிட்டு நிக்கணும். அது நடந்தா உங்க கெர்னல் இருக்கும்."

"நடக்கலேன்னா?"

"வெளியில ரெடிமேடா கெர்னல் கிடைக்குது சார். போன வருஷமே மேலிடத்துல சொன்னாங்க, நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு வர்றேன். நீங்க கையேடு எழுதுற பிரிவுக்குப் போயிடலாம். அங்க ஜன்னல் பக்கம் சீட்டு காலியா இருக்கு."

கையேட்டுப் பிரிவில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஒன்பது வருடமாக அவர் "கதவில் சாயாதீர்கள்" என்பதை வேறு வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் ஒளியே கிடையாது.

"நேத்து வரைக்கும் இருந்ததையே மறுபடி போட்டுக்காட்டலாமா மேடம்?"

"அதுல கதவு காத்து நிக்காதே சார். அதைப் பார்க்கத்தானே அவங்க வர்றாங்க."

மேலாளர் போனதும் அட்டவணையார் நாற்காலியில் விழுந்தார். அவசரம் என்ன, இன்னும் ஐந்தரை மணி நேரம் இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முதலில் லிஃப்ட் ஓடட்டும், கதவு பிறகு காத்து நிற்கட்டும். செருகிய வரியை எடுத்தார். கெர்னல் தயாராகப் பத்து நிமிடம். பெட்டியில் ஏற்றினார். போய்ப் பார்த்தார்.

லிஃப்ட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கதவு மூட மறுத்தது. கதவு மூடாததால் நகரவும் இல்லை.

டெஸ்டரைக் கூப்பிட்டார். டெஸ்டரும் இவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் எழுதுவார், மற்றவர் அது ஏன் ஓடாது என்று சொல்வார். பதினான்கு வருட சிநேகம்.

"யோவ், நான் அந்த வரியை எடுத்துட்டேனே. இன்னும் ஏன் உதைக்குது?"

"எதுக்குய்யா எடுத்தே? நீ நடுவுல சேர்த்ததைப் பார்த்துட்டு, நேத்து சாயங்காலமே எல்லா புரோகிராமையும் புது எண்ணுக்கு மாத்தி, கம்பைல் போட்டு மறுபடி தயார் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். இப்ப ஒன்பதேகாலுக்கு வந்து பெட்டியில ஏத்தியும் விட்டுட்டேன்."

அட்டவணையார் கண்ணை மூடிக்கொண்டார். காலையில் புது அட்டவணை, பழைய புரோகிராம். இப்போது பழைய அட்டவணை, புது புரோகிராம்.

"சரி, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

"சரி, நான் பார்த்துக்கறேன்" என்றார் டெஸ்டரும்.

அட்டவணையார் ஓடிப்போய்ப் புது அட்டவணையை மறுபடி போட்டார். டெஸ்டர் ஓடிப்போய்ப் பழைய புரோகிராம்களை மறுபடி போட்டார். நண்பனுக்கு வேலை வைக்கக் கூடாது என்று இருவருக்குமே எண்ணம். லிஃப்ட் காலையில் எப்படி இருந்ததோ அப்படியே ஆனது. அடித்தளத்துக்குப் போக ஏறிய வாட்ச்மேன் பத்தாம் மாடியைப் பார்த்துவிட்டு வந்தார்.

இருவரும் பேசிக்கொள்ளாமல் மறுபடி மாற்றினார்கள். ஒடுக்கமான வழியில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அது மாதிரி பதினொன்றரை மணி வரைக்கும் நடந்தது. நாலாவது தடவை அட்டவணையாருக்கு உறைத்தது. தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டே கத்தினார்.

"நிறுத்து! நீ நிறுத்து! நான் மாத்திட்டேன்!"

டெஸ்டர் நிறுத்தினார். அதுதான் அன்றைக்கு நடந்த மிகப் பெரிய தப்பு.

"எவ்வளவு தூரம் போனே?"

"பாதி."

"பாதின்னா?"

"பழசையும் புதுசையும் இடம் மாத்திக்கிட்டு இருந்தேன். அங்க இருக்கிறது இங்க, இங்க இருக்கிறது அங்க. நீ நிறுத்துன்னே. பாதி அங்க, பாதி இங்க."

"சரி, எது பழசு, எது புதுசு?"

"பேரு ஒண்ணுதான்யா. தேதியும் எல்லாத்துக்கும் இன்னைக்குத் தேதிதான் காட்டுது." டெஸ்டர் தன் திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வருத்தப்பட்டார். "ஒண்ணொண்ணாப் பிரிச்சுப் பார்க்கணும். நூத்தி நாப்பது இருக்கு."

ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு மணி வரைக்கும் பார்த்ததில் ஆறு தேறியது. அதில் இரண்டு சந்தேகம். கடைசியில் அட்டவணையார் செய்ய வேண்டியதைச் செய்தார். நேற்றே செய்திருக்க வேண்டியது அது. புது வேலைக்காரனைப் பட்டியலின் கடைசியில், மணிக்கும் கீழே, அநாதை மாதிரி உட்கார வைத்தார். எல்லா புரோகிராமையும் முதலிலிருந்து கம்பைல் செய்யப் போட்டார். திரை கணக்குப் போட்டுச் சொன்னது, மூன்று மணி நேரம் ஆகும் என்று. அதாவது நாலு மணிக்கு.

மேலாளருக்குப் போன் போட்டார். "மேடம், அவங்களை நாலு மணிக்கு வரச் சொல்ல முடியுமா?"

"கிளம்பிட்டாங்க சார்."

கிளம்பிட்டாங்க என்ற அந்த ஒரு சொல்லில் அட்டவணையாரின் பதினான்கு வருடமும் மூட்டை கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தது. அவர் சுவரில் ஒட்டியிருந்த சிவப்பு மையைப் பார்த்தார். கிழித்துப் போடலாமா என்று தோன்றியது. கையெழுத்து நன்றாக இருந்ததால் விட்டுவிட்டார்.

நம்பிக்கை போன மனிதன் சும்மா இருந்தால் தேவலை. அட்டவணையார் சும்மா இருக்கவில்லை. பெட்டியில் இப்போது இருக்கிற கலவை புரோகிராம்களில் எது எந்த எண்ணைக் கேட்கிறது என்று வேவு பார்த்தால் வழி பிறக்கலாம் என்று நினைத்தார். அட்டவணையின் எல்லா வரிகளையும் ஒரே ஆளிடம் திருப்பிவிட்டார். அந்த ஆளுக்கு வேலை ஒன்றும் இல்லை. எந்த எண் வந்தாலும் குறித்துக்கொண்டு, "ஆச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்குத்தான் ஏற்பாடு. ஆனால் அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வந்தது.

"என்னங்க, சாப்டீங்களா?" என்றார் மனைவி.

"இல்ல."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

அட்டவணையார் சொன்னார். நடுவில் செருகியது, எல்லாரும் தள்ளி உட்கார்ந்தது, மூன்று மணி, ஜன்னல் பக்கம் எல்லாவற்றையும். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நம்ம சமையலறை அலமாரியை அடுக்கினீங்களே, அது மாதிரியா?"

"அது வேற."

"என்ன வேற? கண்ணை மூடிக்கிட்டு கையை நீட்டினா மூணாவது டப்பா சர்க்கரை. நீங்க நடுவுல ஒரு டப்பாவை வச்சீங்க. எங்கண்ணன் உப்புப் போட்ட டீயைக் குடிச்சுட்டு, நல்லா இருக்குன்னு வேற சொல்லிட்டுப் போனார். புது டப்பா வாங்கினா கடைசியில வைக்கணும்னு எனக்கே தெரியுதே."

அட்டவணையார் சுவரில் இருந்த சிவப்பு மைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.

"சரி விடுங்க" என்றார் மனைவி, குரலை இறக்கி. "கையேடு எழுதினா என்ன இப்ப? நேரத்தோட வீட்டுக்கு வருவீங்க. உங்களை யாரு என்ன சொன்னா என்ன?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அட்டவணையாருக்கு அழுகை வந்துவிட்டது. போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். பிறகுதான் "ஆச்சு" ஆளின் ஞாபகம் வந்தது.

அதற்குள் இருபது நிமிடம் ஓடியிருந்தது. லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே விற்பனைப் பிரிவுக்காரரும் காலையில் கூட்டம் இருக்கிறது என்ற பெண்மணியும் இருந்தார்கள். கதவைத் திற என்று புரோகிராம் கேட்க, கெர்னல் "ஆச்சு" என்று சொல்ல, அறிவிப்புப் புரோகிராம் அதை அப்படியே நம்பி, தேன் போன்ற குரலில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தது: "கதவு திறந்துவிட்டது. பத்திரமாக இறங்கவும். நன்றி."

"எங்கேடி திறந்துச்சு? எங்கே திறந்துச்சுங்கறேன்!" என்று உள்ளேயிருந்து விற்பனைப் பிரிவுக்காரர் அந்தக் குரலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். காலையில் இருந்த கிண்டல் அவரிடம் துளியும் இல்லை.

எலக்ட்ரீஷியன்தான் சாவி போட்டு, கையால் சுற்றி, ஐந்தாம் மாடிக்கு ஏற்றி, இருவரையும் வெளியே எடுத்தார். எடுத்துவிட்டு நேராக அட்டவணையாரின் அறைக்கு வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சார், மூணு மணிக்கு யாரோ பெரியவங்க வர்றாங்களாமே. அதுக்குள்ள சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"ஆயிடுமா?"

"ஆயிடும்னுதான் நினைக்கிறேன்."

எலக்ட்ரீஷியன் அவருடைய சிவந்த கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மணி இரண்டு. டெஸ்டர் எதிரே மேசை விளிம்பில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"இருபத்துமூணுன்னு ஒரு எண் வருது. பழைய புரோகிராம் கேட்டா மேலே போ. புதுசு கேட்டா கதவை மூடு. கேட்கிறது யாருன்னு கெர்னலுக்குத் தெரியாது. தலைவிதி" என்றார் டெஸ்டர்.

"கெர்னலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார் அட்டவணையார்.

"எப்படி?"

"கேமரால பார்த்தா தெரியுமே. கதவு திறந்திருந்தா மூடச் சொல்லுதுன்னு அர்த்தம். மூடியிருந்தா மேலே போகச் சொல்லுது."

டெஸ்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ என்ன சொல்ல வர்றே?"

"எல்லா எண்ணையும் என் திரைக்குத் திருப்பிவிடறேன். நான் உட்கார்ந்து ஒவ்வொண்ணுக்கும் பட்டனைத் தட்டறேன். அட்டவணை வேண்டாம். நானே அட்டவணை."

பத்து நிமிடத்தில் அந்தக் கெர்னலும் தயாராகிவிட்டது. விசைப்பலகையில் ஐந்து விசைகளின் மேல் துண்டுக் காகிதம் ஒட்டினார்: திற, மூடு, பிடி, மேலே, கீழே. இன்னொரு திரையில் லிஃப்ட்டுக்குள் இருக்கும் கேமராவின் படம். இரண்டே முக்காலுக்கு ஒத்திகை. வாட்ச்மேன் பயந்துகொண்டே கீழே ஏறினார். திரையில் எண் வந்தது. அட்டவணையார் தட்டினார். கதவு மூடியது. மறுபடி எண். தட்டினார். லிஃப்ட் மேலே வந்தது, மூன்றில் நின்றது, திறந்தது.

முதல் தடவையே வேலை செய்துவிட்டது! அவர் எழுதிய எதுவும் பதினான்கு வருடத்தில் முதல் தடவையே வேலை செய்ததில்லை. அதைப் பற்றி அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் சந்தோஷத்தில் இருக்கிறவனிடம் யோசனையை எதிர்பார்க்க முடியுமா?

ஒரே ஒரு குறை. எலக்ட்ரீஷியன் லிஃப்ட்டுக்குள் பொத்தான் பலகையை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவருடைய தோள் படத்தில் பாதியை மறைத்தது.

"இவர் ஏன் அங்க நிக்கிறார்? போகச் சொல்லேன்" என்றார் அட்டவணையார்.

"ஏறுறவங்களுக்குப் பட்டன் அமுக்கிவிடறாராம். விருந்தாளி வர்ற நாள், ஆள் நிக்கறதும் மரியாதைதானே, விடு" என்றார் டெஸ்டர். விட்டார்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியம்மா வந்தார். தனியாக வரவில்லை. கைத்தடி ஊன்றிய தன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே மேலாளரிடம் சொல்லிவிட்டாராம், படம் எல்லாம் போட்டுக்காட்ட வேண்டாம், அப்பா ஏறி இறங்கினால் போதும் என்று.

ஏழாம் மாடியில் அட்டவணையார் விசைப்பலகையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். படத்தில் முதலில் மேலாளர் ஏறினார், பிறகு ஆஸ்பத்திரியம்மா. பெரியவர் வாசலில் நின்றார். திரையில் இருபத்திரண்டு என்று வந்தது.

"மூடுங்குதா, பிடிங்குதா?" என்றார் டெஸ்டர்.

"பெரியவர் இன்னும் ஏறலைய்யா!" அட்டவணையார் "பிடி"யைத் தட்டினார். கதவு காத்து நின்றது.

பெரியவர் ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்தவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். சட்டைப் பையில் இல்லை. நெற்றியில் இருந்தது. பிறகு திரும்பி வாட்ச்மேனிடம் சொந்தக் கதை ஏதோ சொன்னார். கதவு காத்து நின்றது. அட்டவணையாரின் விரலில் வியர்வை. விசைமேல் ஒட்டியிருந்த துண்டுக் காகிதம் நழுவி, விரல் பக்கத்து விசையில் போய் விழுந்தது. "மூடு".

"அய்யோ!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கதவு மூடவில்லை. பெரியவர் நிதானமாக இரண்டாவது காலையும், அப்புறம் கைத்தடியையும் உள்ளே வைத்துக்கொண்டார். அதற்கப்புறமே கதவு பூப்போல மூடியது.

"எப்படிய்யா மூடாம நின்னுச்சு?"

"குறுக்கே ஆள் இருந்தா மூடாதேன்னு என்னிக்கோ ஒரு பாதுகாப்பு வரி எழுதியிருப்பேன். மறந்தே போச்சு" என்றார் அட்டவணையார். அவருக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது. இளம் வயதில் தான் எவ்வளவு முன்யோசனையோடு இருந்திருக்கிறோம் என்று நெகிழ்ந்தார்.

லிஃப்ட் எட்டாம் மாடிக்கு ஏறியது.

"நீ தட்டறதுக்கு முன்னாடியே கிளம்பின மாதிரி இருந்துச்சே" என்றார் டெஸ்டர்.

"கை தன்னால தட்டிடுது. மூளைக்குத்தான் லேட்டாத் தெரியுது. பதினாலு வருஷப் பழக்கம்."

எட்டில் நின்றது. மறுபடி ஏறியது. இறங்கியது. பெரியவருக்கு விளையாட்டாகிவிட்டது. வேண்டுமென்றே வாசலில் நின்று நின்று பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கதவு அவருக்காகக் காத்து நின்றது. அரை மணி நேரத்தில் அட்டவணையார் இருநூற்றுப் பதினேழு தடவை விசையைத் தட்டினார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. கடைசித் தடவை கதவு திறந்து எல்லாரும் இறங்கியதும் நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். டெஸ்டர் கர்சீப்பை நீட்டினார்.

நாலு மணிக்கு மேலாளர் அட்டவணையாரின் அறைக்கு வந்தார். நாற்காலி ஒன்றுதான் என்பதால் நின்றுகொண்டே பேசினார்.

"பன்னெண்டு ஆஸ்பத்திரிக்கும் இதையே போடச் சொல்லிட்டாங்க சார்! மத்த லிஃப்ட்டெல்லாம் அவங்க அப்பாவைத் தோள்ல இடிச்சிருக்காம். இந்தக் கதவுக்குத்தான் வயசானவங்க யாருன்னு தெரியுதுன்னு அவரே சொன்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார்."

அட்டவணையார் வீங்கின மணிக்கட்டை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"ரெடிமேட் கெர்னல் பேச்சை இனி யாரும் எடுக்க மாட்டாங்க. நான் எழுதிக் கொடுத்துட்டேன். இந்த இடத்தை விட்டு உங்களை யாரும் அசைக்க முடியாது" என்றார் மேலாளர். ஒரு நொடி தயங்கிவிட்டு, "நானும் உங்களைப் பத்திக் கொஞ்சம் தப்பா நினைச்சிருந்தேன். மன்னிச்சுக்கோங்க" என்றும் சொன்னார்.

அவர் போன கையோடு கம்பைலும் முடிந்தது. கடைசி நாற்காலியில் புது வேலைக்காரன் உட்கார்ந்த, எல்லாரும் அவரவர் எண்ணில் இருந்த, சுத்தமான அட்டவணை. அதைப் பெட்டியில் ஏற்றினார். கையால் தட்டியது அவருக்கும் டெஸ்டருக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஆஸ்பத்திரிகளுக்குப் போகப் போவது இந்த நிஜக் கெர்னல்தானே. மனைவிக்குப் போன் போட்டு, "நான் எங்கேயும் போகல" என்றார். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்கு வந்தார். கதவு திறந்தது. எலக்ட்ரீஷியன் இன்னும் அதே இடத்தில், பொத்தான் பலகையை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அட்டவணையார் ஏறிக் கீழ்த்தளம் என்றார். கதவு மூடியது. லிஃப்ட் கீழே இறங்கியது. மின்விசிறி தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக எல்லாம் அதனதன் எண்ணில் நடந்தது. அட்டவணையாருக்கு உலகத்தில் எல்லாரிடமும் அன்பாகப் பேச வேண்டும் போல இருந்தது.

"உங்களுக்கும் இன்னைக்கு அலைச்சல்தான், பாவம்" என்றார். "ஒண்ணு மட்டும் கேக்கலாமா, தப்பா எடுத்துக்காதீங்க. மத்தியானத்துலேருந்து ஏன் உள்ளேயே நின்னுக்கிட்டு இருக்கீங்க? கேமரால பாதியை உங்க தோள்தான் மறைச்சுது."

எலக்ட்ரீஷியன் அவரை ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? உங்க பெட்டியிலேருந்து கதவுக்கும் மோட்டாருக்கும் வர்ற ஒயரை மத்தியானமே நான் கழட்டிப் போட்டுட்டேன், அப்புறம் நானும் இந்தப் பலகைச் சாவியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலேன்னா இதையெல்லாம் யாரு ஓட்டறது?"